ரீவியில் என் பெயர் சொன்னார்கள்

ரீவியில் போட்ட அந்தப் படத்தைப் பற்றி எங்கள் ஒழுங்கையில் அபிப்பிராயம் சொல்லாத ஆளில்லை. "விசரியா நடிச்சவ என்னமா நடிச்சிட்டா" என்றார்கள். "உண்மையிலயும் உப்பிடித்தான், பைத்தியம் பிடிச்சதுகள் கடைசியில கத்தியத்தான் தூக்குங்கள்" என்றார்கள். என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. படங்களுக்கு அபிப்பிராயம் சொல்வதுதான் என் பொழுதுபோக்கு என்று ஒழுங்கைக்கே தெரிந்திருந்தும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லும் நிலையில் நான் இருக்கவில்லை. இப்போது குளிசை மருந்துகள் குறைந்து, பேனை பிடித்தால் கை நடுங்காத அளவுக்கு வந்திருக்கிறேன். ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

யுத்த காலத்தில் திருகோணமலையில் பொழுது பட்டால் வெளியே போக ஏலாது. என் கணவர் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் வேலை. பாஸ் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பாதையை மூடிவிட்டால் வெளியே வர விடமாட்டார்கள். அவர் வராத நாட்களில் நானும் மகள் சுகியும் உவர்மலையில் தனியே. சுகிக்கு அப்போது பால்பற்கள் விழத் தொடங்கியிருந்தன. ஒழுங்கை முடிவில் கணவரின் அக்கா, இராசமணி மச்சாளின் வீடு. அங்கேதான் ரீவி இருந்தது.

தியேட்டருக்கு வராமல் ரீவிக்கென்றே எடுத்த தமிழ்ப் படங்களைச் சனிக்கிழமை பின்னேரங்களில் போடுவார்கள். பிறகு நேயர்களின் அபிப்பிராயங்களை வாசிக்க ஒரு சின்ன நிகழ்ச்சி. நான் தவறாமல் தபால் அட்டை எழுதிப் போடுவேன். ஒருமுறை மீனவர் படம் ஒன்று. கதாநாயகன் விடிய விடியக் கடலில் கிடந்துவிட்டு வருகிறார், சேட்டில் மடிப்புக் கலையவில்லை. "இவர் மீன்பிடிக்கப் போனாரா, கலியாண வீட்டுக்குப் போனாரா?" என்று எழுதினேன். அடுத்த நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் அதை வாசித்துச் சிரித்தார். "திருகோணமலை, உவர்மலையிலிருந்து திருமதி யோகேஸ்வரி தர்மராசா கேட்கிறார்" என்றார். மச்சாள் வாசல் படலைக்கு ஓடிப்போய் முன்வீட்டுச் சனத்தை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னா. நான் பெரிய ஆள்மாதிரிக் கதிரையில் இருந்தேன். என் கணவர் அன்றைக்குச் சீனன்குடாவில். அவருக்கு நான் சொல்லித்தான் தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு என் நித்திரை போனது. துறைமுகத்தில் யாரும் கடலுக்கடியால் நீந்தி வந்து கப்பலுக்குக் குண்டு வைக்காதபடி, கடற்படை தண்ணீருக்குள் வெடி போடும். நிலம் ஒருதரம் விம்மும். அலுமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். எல்லாரும் பழகிப்போய்த் திரும்பிப் படுப்பார்கள். நான் அடுத்த வெடிக்காகக் காத்திருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. உடுப்புத் தோய்க்கும்போது யாரோ வேலிக்கு அப்பால் நின்று என்னைக் கூப்பிடுவது கேட்கும். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

பயம் எல்லாருக்கும்தான் இருந்தது. இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் சனத்தை வரிசையாக நடத்துவார்கள். வாகனத்துக்குள் முகத்தை மூடிக்கொண்டு ஒருவர் இருப்பார். யாரைப் பார்த்து அவர் தலையை ஆட்டுகிறாரோ அந்த ஆளை ஏற்றிவிடுவார்கள். தலையாட்டி என்போம். நான் அதற்கும் ஒருபடி மேலே போனேன். ரீவியில் செய்தி வாசிப்பவர் ஒவ்வொரு செய்தியும் முடிய, தலையை லேசாக ஆட்டுவதைக் கவனித்தேன். என்னைப் பார்த்துத்தான் ஆட்டுகிறார் என்று பிடிபட்டது. பிறகு ஒருநாள் செய்திக்கு நடுவில் என் பெயரைச் சொன்னார். வீட்டு இலக்கத்தையும் சொன்னார். சுற்றியிருந்தவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அவர்களுக்கு முன்பே தெரியும், எனக்கு மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றிலிருந்து மச்சாள் வீட்டுக்குப் போனால், செய்தி வாசிப்பவர் பார்க்க முடியாதபடி அலுமாரிக்குப் பின்னால் கதிரையைப் போட்டு இருப்பேன். போகாமல் இருக்கவும் பயம். என்ன சொல்கிறார்கள் என்று தெரியாமல் போய்விடுமே.

அப்படி அலுமாரிக்குப் பின்னால் இருந்து, ஓரத்தால் எட்டித்தான் அந்தப் படத்தையும் பார்த்தேன். ஒரு தாய்க்குப் புத்தி பேதலிக்கிறது. முதல் காட்சியிலேயே தலைமயிரை விரித்துவிட்டார்கள், அப்போதே அவவின் கதை முடிந்தது. சிரிக்கிறா, அழுகிறா, சுவரோடு கதைக்கிறா. பிடித்துக் கட்டிலோடு கட்டுகிறார்கள். கடைசியில் குசினியில் கத்தியை எடுத்துக்கொண்டு, நித்திரை கொள்ளும் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறா. அந்த இடத்தில் விளம்பரம் போட்டார்கள். சவர்க்கார விளம்பரம் ஓட, அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி அலுமாரிப் பக்கம் பார்த்தார்கள். மச்சாளின் மடியில் சுகி இருந்தாள். மச்சாள் அவளை இறுக்கிப் பிடித்தா. சுகியும் திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை, என் கைகளைப் பார்த்தாள்.

அதுவரை எனக்கு என் பிள்ளையைப் பற்றி ஒரு கெட்ட நினைவும் வந்ததில்லை. யாரோ என்னைக் கொண்டுபோகப் போகிறார்கள் என்பதுதான் என் பயம். அந்தச் சவர்க்கார விளம்பரத்தின்போதுதான் புதிய பயம் ஒன்று வந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதே, அப்படியானால் நான் செய்யப்போகிறேனா? கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன். படம் எப்படி முடிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் மச்சாள் வந்து, "பிள்ளை கொஞ்ச நாள் எங்களோட இருக்கட்டும்" என்று சுகியைக் கூட்டிக்கொண்டு போனா. கறிக்கு வெங்காயம் வெட்டப் போனேன். குசினியில் கத்தி இல்லை. பெரியதும் இல்லை, சின்னதும் இல்லை. நான் நிலத்தில் இருந்துவிட்டேன். பாதை திறந்து கணவர் வந்து பார்க்கும்போதும் அங்கேதான் இருந்திருக்கிறேன். கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பத்திரியில் முதலில் வாங்குப் பலகையில் காத்திருப்பு. பக்கத்தில் காலில் கட்டுப்போட்டவர்கள், காய்ச்சல் பிள்ளைகள். "உங்களுக்கு என்ன?" என்று ஒரு மனுசி கேட்டா. கணவர் "நித்திரை இல்லை" என்றார். அதற்கு இவ்வளவு கூட்டத்தில் வந்து இருப்பானேன் என்ற மாதிரிப் பார்த்தா. பிறகு என் கண்களைக் கூர்ந்து பார்த்துவிட்டுத் தன் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றி இருத்தினா.

பெண்கள் வார்ட்டின் ஒரு மூலையில், மறைப்புக்கு அப்பால் மனநோய்க்காரருக்கென்று சில கட்டில்கள். இரத்தம் எடுத்தார்கள். கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பி பிழைத்தாலும் மனம் இப்படிக் குழம்புமாம், அதைப் பார்க்க இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றார்கள். கண்ணுக்குள் லைற் அடித்துப் பார்த்தார்கள். முழங்காலில் தட்டினார்கள். நான் ஒன்றே ஒன்றுக்காகக் காத்திருந்தேன். படத்தில் அந்தத் தாயைக் கட்டிலோடு கட்டினார்கள். எப்போது கயிறு வரும் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கயிறு வரவில்லை. பரீதா தாத்தா தேத்தண்ணி கொண்டு வந்தா.

பரீதா தாத்தா கிண்ணியாவைச் சேர்ந்தவ, வார்ட்டில் உதவியாளர். அங்குள்ள முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். டொக்டர் ஒரு இளம் சிங்களப் பெண். தமிழ் கொஞ்சம் கதைப்பா, முட்டுப்பட்டால் தாத்தா மொழிபெயர்ப்பா.

"மிஸிஸ் தர்மராசா, ரீவில உங்கட பேர் சொன்னதா?" என்று டொக்டர் கேட்டா.

"ஓம்."

"எத்தனை தரம்?"

"ஒருதரம் உண்மையாச் சொன்னவை. நான் எழுதின அட்டைய வாசிச்சவை. மற்றது..." எனக்கு மற்றதைச் சொல்லத் தெரியவில்லை.

டொக்டர் எழுதினா. "மகள் எங்க?"

"மச்சாள் கூட்டிக்கொண்டு போயிட்டா. ரீவியில ஒரு படம் போட்டவை டொக்டர். அந்தப் படத்தில வந்தது நான் எண்டு நினைச்சுத்தான் பிள்ளைய என்னட்ட இருந்து எடுத்தவை. கத்தியளையும் எடுத்துப் போட்டினம்."

தாத்தா அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, டொக்டரின் முகம் மிருதுவாகிக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் நான் படித்த முதல் பாடம் இது: டொக்டரின் முகம் மிருதுவானால் நீங்கள் சொல்வதை நம்பவில்லை என்று அர்த்தம். மறுபடி எழுதினா.

"மகளைப் பாக்க ஏலுமோ?" என்று கேட்டேன்.

"இப்ப வேணாம். உந்த நினைப்பு எல்லாம் கொஞ்சம் போகட்டும். அவசரம் இல்லை."

எனக்கு அவசரம் இருந்தது. எந்த நினைப்புப் போகவேண்டும்? படம் பார்த்துப் பிள்ளையை எடுத்தது உண்மை. அதை இல்லை என்று சொன்னால்தான் பிள்ளையைக் காட்டுவார்களா? சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. அடுத்தமுறை டொக்டர் வந்தபோது நடந்ததையே இன்னும் உரக்கச் சொன்னேன். குளிசையைக் கூட்டினார்கள்.

மருந்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் படத்தில் அதை ஒருவரும் காட்டவில்லை. ஊசி போட்டபின் நித்திரை வந்தது. மாதக்கணக்கில் வராத நித்திரை. ஆனால் நாக்குத் தடித்து வாய்க்குள் கிடந்தது. தாடை இழுத்துக்கொண்டது. கால்கள் ஒரு இடத்தில் நிற்காமல் நடக்கச் சொல்லிக் கரைச்சல் கொடுத்தன. நோய் முற்றிவிட்டது என்று நடுங்கிப் போனேன். "இது வருத்தம் இல்லை, மருந்து செய்யிற வேலை" என்று டொக்டர் சொல்லி, அதற்கு வேறு ஒரு சின்னக் குளிசை தந்தா. ஒரு நாளில் தாடை விட்டது. தாத்தா எனக்கு முன்னால் நின்று, "புள்ள, நாக்க நீட்டுங்க பாப்பம்" என்று தன் நாக்கை நீட்டிக் காட்டுவா. நானும் நீட்டுவேன். பார்க்க வருகிறவர்களுக்கு நல்ல காட்சியாக இருந்திருக்கும்.

பார்க்க வருகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் பயந்தேன். மற்றக் கட்டில்காரரின் சொந்தங்கள் மறைப்பின் இடுக்கால் எட்டிப் பார்ப்பார்கள். "இவவும் அந்தப் படத்தில வந்தமாதிரிக் கத்தி தூக்கிற வருத்தமோ?" என்று ஒருத்தி தாத்தாவிடம் கேட்டா. "இல்ல, இது உங்களப்போல ஆக்களப் பாத்துப் பயப்பிடுற வருத்தம்" என்றா தாத்தா.

கணவர் வரக்கூடிய நாளெல்லாம் சோறு கொண்டு வருவார். வழியில் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் பார்சலைத் திறந்து குச்சியால் கிளறுவார்கள். அதனால் மேலே ஒரு வாழையிலைத் துண்டில் கொஞ்சச் சோறு தனியாக வைத்து, "இதைக் கிளறுங்கோ, கீழ இருக்கிறது வருத்தக்காரிக்கு" என்று கையால் விளக்குவாராம். சில வேளை விட்டுவிடுவார்களாம். குழைந்து கிளறுண்ட சோற்றை அவர் ஊட்டிவிட, நான் அழுதுகொண்டே சாப்பிடுவேன்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "ரீவியில என்ர பேர் சொன்னது உண்மைதானே? அந்தக் கலியாண வீட்டுச் சேட்டு?"

அவர் பொய் சொல்லத் தெரியாத மனுசன். "நான் அண்டைக்குச் சீனன்குடாவில எல்லோ. நீர் சொன்னதுதானே எனக்குத் தெரியும்."

அந்த ஆஸ்பத்திரி நாட்களில் நான் அதிகம் பயந்தது அந்த நேரம்தான். வெடிக்குப் பயந்ததைவிட, தலையாட்டிக்குப் பயந்ததைவிட. செய்தி வாசிப்பவர் என் பெயரைச் சொன்னது பொய் என்று மருந்து மெதுவாகக் காட்டிக்கொண்டிருந்தது. அதை ஒத்துக்கொண்டுவிட்டேன். அப்படியானால் அட்டை வாசித்ததும் அதோடு சேர்ந்த பொய்தானா? அறிவிப்பாளர் சிரித்தது? மச்சாள் படலைக்கு ஓடியது? அதுவும் பொய் என்றால், பிள்ளை என் கைகளைப் பார்த்தது? எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்று தெரியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்கும் விளங்கியிருக்கவேண்டும். "அக்காவக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

மச்சாள் லேசில் வரவில்லை. முதுகு நோ என்றா, பாதை சரியில்லை என்றா. அவவுக்கு விசர் ஆஸ்பத்திரி என்றால் பயம் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு காலை இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்து, மறைப்புக்கு வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றா, கோயிலுக்கு வந்தமாதிரி. டொக்டர் அவவுக்குக் கதிரை போட்டுக் கேட்டா.

"ரீவில இவட பேர் சொன்னது எண்டு சொல்றாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"ஓம், சொன்னது. என்ர காதால கேட்டனான். இவ எழுதின அட்டைய வாசிச்சுச் சிரிச்சவன். நான் முன்வீட்டாக்களையும் கூப்பிட்டுச் சொன்னனான்."

டொக்டர் பேனையை வைத்துவிட்டா.

"மகளை ஏன் எடுத்தீங்க?"

மச்சாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினா. என்னைப் பார்க்கவில்லை. "அந்தப் படத்தைப் பாத்துப் பயந்திட்டன் டொக்டர். கத்தியளையும் நான்தான் எடுத்தனான். ஒரு பொம்பிளைக்கு விசர் வந்தா உப்பிடித்தான் செய்வாளெண்டு படத்தில காட்டினவங்கள். நான் வேற என்னத்தக் கண்டனான்? இவள் ஒரு வாய் சோறு சாப்பிட்டாளோ எண்டு நான் ஒருக்காக் கூடக் கேக்கேல்ல. பிள்ளையத் தூக்கிக்கொண்டு ஓடினதுதான்." சொல்லிவிட்டு அழுதா. நானும் அழுதேன். கோபத்தில் இல்லை. என் தலைக்குள் இருந்த ஒரு விசயமாவது உண்மை என்று வேறொரு வாய் சொல்லிக் கேட்ட ஆறுதலில்.

டொக்டர் பிறகு என்னிடம் நேரே, தாத்தாவைப் பார்க்காமல், தன் தமிழிலேயே சொன்னா. "ரீவி உங்கட பேர் சொன்னது உண்மை. நான் அதை வருத்தம் எண்டு எழுதினது பிழை. செய்தில சொன்னது வருத்தம். ரெண்டும் இருக்கு. இனி உங்கட பேர் கேட்டா, பயப்பட முந்திப் பக்கத்தில இருக்கிற ஆளைக் கேளுங்க. அவங்களுக்கும் கேட்டா உண்மை." தன்னை நோக்கி வராததைத் தன்னை நோக்கித்தான் வருகிறது என்று எடுத்துக்கொள்வதும், இல்லாத குரலைக் கேட்பதும் இந்த வருத்தத்தின் குணம் என்று விளக்கினா. உனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய் என்று குரல் எப்போதாவது சொன்னதா என்று திரும்பவும் கவனமாகக் கேட்டா. இல்லை என்றேன். "அப்ப மகளைக் கூட்டிக்கொண்டு வரலாம்" என்றா.

சுகி வந்தாள். மச்சாளின் சேலைக்குப் பின்னால் நின்றாள். முன்பல் ஒன்று விழுந்திருந்தது, எனக்குத் தெரியாமல். "கிட்ட வாங்கோ அம்மாட்ட" என்றேன். அவள் என் கைகளைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே, அவளுக்குத் தெரிகிற மாதிரி விரித்து வைத்தேன். அவள் வரவில்லை. ஊசி போட்டபோதெல்லாம் அழாத நான் அவள் போனபிறகு போர்வைக்குள் வாயை வைத்துக் கத்தினேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். பின்னேரம்வரை சுகி என்னோடு இருப்பாள், கதைப்பாள், இரவுக்கு மச்சாளிடம் போய்விடுவாள். எங்கள் குசினிக்கு இன்னும் கத்தி வரவில்லை. கணவர் மரக்கறியை மச்சாள் வீட்டில் வெட்டுவித்துக் கொண்டு வருவார். நான் கேட்கவில்லை. டொக்டர் சொன்னதை மட்டும் செய்தேன். "சுகி, இப்ப வெடிச் சத்தம் கேட்டதோ?" "ஓம் அம்மா, கடல்ல போடுறாங்கள்." "வேலிக்கு அங்கால ஆரும் கூப்பிட்டவையோ?" "இல்லையம்மா." விளையாட்டு மாதிரிப் பதில் சொல்வாள். அவள் இல்லை என்றால் இல்லை.

கை நடுக்கம் நின்றதும் ஒரு தபால் அட்டை வாங்கினேன். அந்தப் படத்துக்கு என் அபிப்பிராயம். "விசர் வந்த தாய்க்கு ஒருவரும் ஒரு பிடி சோறு கொடுப்பதைக் காட்டவில்லை, ஒரு குளிசை காட்டவில்லை. அவ பயந்ததைக் காட்டவில்லை. மற்றவர்கள் அவவுக்குப் பயந்ததை மட்டும் காட்டினீர்கள். எனக்கும் அந்த வருத்தம் வந்தது. நான் கத்தியைத் தூக்கவில்லை. என் பிள்ளையைத் தூக்கத்தான் காத்திருக்கிறேன்." இவ்வளவும் ஒரு அட்டையில் அடங்க எழுத்தைச் சின்னதாக்க வேண்டியிருந்தது.

பிறகு பல சனிக்கிழமைகள் போயின. ஒருநாள் மச்சாள் வீட்டில், இப்போது அலுமாரிக்கு முன்னால், கதிரையில் இருந்தேன். சுகி நிலத்தில் இருந்தாள். அறிவிப்பாளர் கடிதங்களைப் புரட்டினார். பிறகு என்னை நேரே பார்த்து என் பெயரைச் சொன்னார்.

வருத்தம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். திரும்ப ஊசி, திரும்ப அந்தக் கட்டில், திரும்பப் பிள்ளை இல்லை. அவர் தொடர்ந்து பேசிக்கொண்டே போனார், எனக்கு ஒரு சொல்லும் ஏறவில்லை. மச்சாளைப் பார்க்கப் பயமாக இருந்தது. குரலை அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"சுகி, இப்ப என்னவும் கேட்டதோ?"

அவள் திரும்பவில்லை. "ஓம் அம்மா. உங்கட பேர் சொன்னவை. உஸ்... வாசிக்கினம், கேளுங்கோ."

வாசித்து முடித்தார்கள். இந்த முறை அறிவிப்பாளர் சிரிக்கவில்லை. மச்சாளும் முன்வீட்டுக்கு ஓடவில்லை. எழும்பிக் குசினிக்குள் போனா. திரும்பி வரும்போது கையில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் எங்கள் வீட்டுச் சின்னக் கத்தியும் இருந்தன. இரண்டையும் என் மடியில் வைத்தா.

"பிள்ளைக்கு வெட்டிக் குடு" என்றா.

நான் மெதுவாகத் தோலைச் சீவினேன். சுகி பின்னால் நகர்ந்து வந்து என் முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, துண்டுக்காகக் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். அவள் என் கைகளைப் பார்க்கவில்லை. ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.